டவ் ஆற்றில் ஒரு பட்டிழை

தறிக்குழியை மூடிவிடலாமா என்னும் பேச்சு எங்கள் வீட்டில் சில ஆண்டுகளாகவே நடந்துவந்தது. தெருவாசலைத் தாண்டியதும் இடப்பக்கம் இருக்கிறது அந்தக் குழி. விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் மிதி பாதத்துக்கு எட்டும் ஆழம். தறி நின்று பத்தாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. பாவு இல்லை, அச்சு இல்லை, ஜக்கார்டு பெட்டியைக் கழற்றி இன்னொருவருக்குக் கொடுத்தாயிற்று. மிஞ்சியிருப்பது படமரமும் குழியும் மட்டும். வீட்டுக்கு வருகிற குழந்தைகள் அதற்குள் இறங்கி ஒளிந்துகொள்கிறார்கள். பெரியவர்கள் தடுக்கி விழப்பார்க்கிறார்கள்.

இந்தக் கட்டுரை முழுவதும் 'நாங்கள்' என்றே எழுதியிருக்கிறோம். கணவன் மனைவி இருவரும் பேசிப்பேசி எழுதியது என்பதால் அதுவே சரி. ஆனால் தறிக்குழி ஒன்றில் மட்டும் அந்தச் சொல் பொருந்தாது. எங்களில் ஒருவருக்கு அதை மூடிவிட வேண்டும்; மற்றவருக்கு மூடக் கூடாது. யாருக்கு எது என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் நண்பர்கள் கட்சி பிரிந்துவிடுவார்கள்.

தேவிகாபுரம் என்றால் பெரியநாயகி அம்மன் கோயிலையும் அதன் பின்னே நிற்கும் கனககிரி மலையையும் அறிந்தவர்களுக்கு விளங்கும். மற்றவர்களுக்கு 'ஆரணி பக்கம்' என்று சேர்த்துச் சொன்னால்தான் புரியும். எங்கள் சேலைகளுக்கும் அதே கதிதான். எங்கள் தெருவில் நெய்து, 'ஆரணிப் பட்டு' என்ற பெயரில் கடையேறும். சில சமயம் அதையும் தாண்டிக் 'காஞ்சிப் பட்டு' ஆகிவிடும். எங்களில் ஒருவர் பதினான்கு வயதில் தறியில் உட்கார்ந்தவர். மற்றவர் அதற்கும் முன்பே இராட்டையில் தார் சுற்றவும், பழைய பாவின் முனையில் புதிய பாவைப் பிணைக்கவும் கற்றவர். பிணைப்பது என்றால் சாம்பல் தொட்ட விரலால் இழையோடு இழையை வைத்து முறுக்கி ஒட்டுவது. ஒரு பாவில் ஆயிரக்கணக்கான இழை. ஒன்று தப்பினாலும் சேலையின் உடலில் கோடு விழும். அந்த வேலைக்குக் கண் வேண்டும். கண் தளர்ந்தபோது தறியும் நின்றது. கூலி கட்டுப்படியாகாததும் ஒரு காரணம்தான். ஆனால் அதைப் பற்றி எழுதியவர்கள் நிறைய.

இனி மீன் கதைக்கு வருவோம். மகள் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் குடியிருக்கிறாள். 2023 மே மாதம் அவளைப் பார்க்கப் போயிருந்தோம். இரண்டு வாரத்தில் பார்க்க வேண்டிய மாளிகைகளையெல்லாம் பார்த்து முடித்துவிட்டோம். சின்ன வயதில் அவளுக்கு ஏரியில் தூண்டில் போட்ட கதையைச் சொல்லியே சோறூட்டியிருக்கிறோம். மூங்கில் கழி, நெட்டித் தக்கை, மண்புழு, சிக்கினால் கெண்டை, சிக்காவிட்டால் வீட்டில் அடி. அவள் அதை மறக்கவில்லை. ஜூன் முதல் வாரத்தில் ஒரு நாள், "அப்பா, அம்மா, நாளைக்கு உங்களை மீன் பிடிக்க அனுப்புகிறோம். ஒரு கைடு வருவார்" என்றாள். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டு நின்றார். கட்டணம் எவ்வளவு என்று கேட்டதற்கு இருவரும் பதில் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் மேசைமேல் கிடந்த ரசீதைப் பார்த்துவிட்டோம். ஒரு சேலைக் கூலி அல்ல, பல சேலைக் கூலி.

வந்தவருக்கு அறுபதைத் தாண்டிய வயது. ஒல்லியான உடம்பு, அதிகம் பேசாத வாய். ஸ்காட்லாந்தில் இத்தகைய வழிகாட்டிக்குக் 'கில்லி' என்று பெயராம். எங்கள் ஊரில் கில்லி என்பது பையன்கள் தெருவில் அடித்து ஆடுவது என்று சொன்னதும் அவர் முதல் முறையாகச் சிரித்தார். வண்டி மேக்கிள்ஸ்ஃபீல்டு வழியாகத் தெற்கே போயிற்று. லீக் என்னும் ஊரைக் கடக்கும்போது, உயரமான செங்கல் கட்டடம் ஒன்றைக் காட்டி, "என் பாட்டி அங்கேதான் பட்டு சுற்றினாள்" என்றார். வண்டிக்குள் சற்று நேரம் பேச்சில்லை. நாங்கள் என்ன தொழில் செய்தவர்கள் என்பதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

இங்கிலாந்தில் பட்டு உண்டா என்று கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. அந்தக் குளிரில் முசுக்கொட்டை வளர்த்துப் புழு பேண அவர்கள் எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை. ஆனால் கச்சாப் பட்டை வெளியிலிருந்து தருவித்து முறுக்கவும், சாயம் தோய்க்கவும், நெய்யவும் செய்தார்கள். மேக்கிள்ஸ்ஃபீல்டும் லீக்கும் அப்படி வளர்ந்த ஊர்கள். லீக்கில் சாயப்பட்டறை வைத்திருந்த தாமஸ் வார்டில் (1831–1909) நம் நாட்டுக்கும் கொஞ்சம் உறவுக்காரர். சாயம் ஏறாமல் அடம்பிடிக்கும் நம் டசர் பட்டில் சாயம் ஏற்றும் வழியைக் கண்டவர். 1885–86இல் இந்தியாவுக்கு வந்து பட்டுத் தொழிலை நேரில் பார்த்தவர். வில்லியம் மோரிஸ் சாயத் தொழில் கற்றுக்கொண்டதும் இவருடைய பட்டறையில்தான், 1875 முதல் 1877 வரை. கவிஞரின் கை அவுரி நீலத்தில் தோய்ந்தே கிடந்ததாம். எங்கள் தெருவில் சாயம் போடுகிறவர்களின் நகக்கண்ணை நினைத்துக்கொண்டோம். பாட்டியின் ஆலை இப்போது என்னவாயிற்று என்று கேட்டோம். "முதலில் பழம்பொருள் கடை. இப்போது குடியிருப்பு" என்றார். அவரும் இளவயதில் சில காலம் நூல் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். பட்டறை மூடிய பிறகுதான் ஆற்றுக்கு வந்திருக்கிறார்.

டவ் ஆறு டெர்பிஷயருக்கும் ஸ்டாஃபர்ட்ஷயருக்கும் எல்லையாக ஓடுகிறது. ஆறு என்று சொல்ல எங்களுக்கு நா எழவில்லை. எங்கள் ஊர் ஏரிக்கால்வாயை விடச் சற்றே அகலம், அவ்வளவுதான். ஆனால் நீர் அப்படியொரு தெளிவு. சுண்ணாம்புக் கல்லின் மேல் ஓடுவதால் அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். ஹார்டிங்டன் என்னும் கிராமத்துக்கு அருகே வண்டியை நிறுத்தினார். ஆளுக்கொரு ரப்பர் கால்சட்டை கொடுத்தார். மார்பு வரை ஏறும். அதன் பெயர் வேடர்ஸ். எங்கள் காதில் 'வேடர்' என்றே விழுந்தது. சுடிதாருக்கு மேல் அதை மாட்டிக்கொண்டு நின்றவரைப் பார்த்து மற்றவர் சிரிக்க, சிரித்தவரின் நிலையும் அதைவிடச் சிறப்பாக இல்லை.

அங்கே தூண்டிலைத் தூக்கிக்கொண்டு நினைத்த இடத்தில் உட்கார முடியாது. ஆளுக்கோர் உரிமம் வேண்டும். அதை அரசு தருகிறது. பிறகு அந்தக் கரைக்கு உரியவரின் அனுமதி வேண்டும். கரை யாருக்கோ அவருக்கே அந்த நீரில் மீன் பிடிக்கும் உரிமை. இது அநியாயம் என்று சொல்ல வாய் திறந்தோம். எங்கள் ஏரி மீன் குத்தகை நினைவுக்கு வந்ததும் மூடிக்கொண்டோம். ஏரி வற்றும் காலத்தில் ஏலம் எடுத்தவர் வலை போடுவார். தூண்டிலோடு போகும் பையனைத் துரத்துவார். அந்தத் துரத்தலில் ஓடி முழங்கால் சிராய்த்த தழும்பு எங்களில் ஒருவரிடம் இன்னும் இருக்கிறது.

நாங்கள் அறிந்த தூண்டிலில் புழுவின் கனமும் தக்கையின் கனமும் கயிற்றை இழுத்துக்கொண்டு போகும். இதில் நேர்மாறு. முள்ளில் இருப்பது நிஜப் பூச்சி அல்ல. இறகையும் நூலையும் கட்டிச் செய்த பொய்ப்பூச்சி. ஊதினால் பறந்துவிடும். ஆகவே கயிறுதான் கனமானது. கழியைப் பின்னால் வீசி, கயிறு முதுகுக்குப் பின்னே காற்றில் முழுவதும் விரியும்வரை பொறுத்து, பிறகு முன்னால் வீச வேண்டும். பொறுக்காவிட்டால் சாட்டை சொடுக்குவது போலச் சத்தம் கேட்கும், பூச்சி அறுந்துபோகும். முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு பூச்சிகளை மரத்துக்கும் ஒன்றை வழிகாட்டியின் தொப்பிக்கும் கொடுத்தோம். பிறகு எங்களில் தறியில் இருந்தவருக்குச் சட்டெனப் பிடிபட்டது. நாடாவை இப்பக்கமிருந்து தட்டி அனுப்பினால் அது அப்பக்கப் பெட்டியில் சேரும் நொடிவரை கை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு அச்சை இழுத்தால் நாடா பாவுக்குள் மாட்டி இழைகள் அறுந்துவிடும். அதே பொறுமைதான். கயிற்றை இழுத்து நாடாவைப் பறக்கவிடும் அந்த அமைப்பை 1733இல் செய்தவர் ஜான் கே. அவருடைய ஊரான பரி, மகள் வீட்டிலிருந்து அரைமணிப் பயணம்.

வீசுவது பாதி வேலைதான். டிரவுட் நீரோட்டத்தை எதிர்த்து ஓர் இடத்தில் நின்றுகொண்டு, தன்னிடம் மிதந்துவருவதை மட்டும் உண்ணும். அதன் பின்னாலிருந்து நெருங்க வேண்டும். பொய்ப்பூச்சியும் நிஜப்பூச்சி போல எந்த இழுப்பும் இல்லாமல் நீரின் போக்கில் வர வேண்டும். இங்கேதான் சிக்கல். ஆறு ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. நடுவில் விரையும், கல்லுக்குப் பின்னால் தயங்கும், கரையோரம் சில இடங்களில் பின்னோக்கியும் திரும்பும். நாம் வீசிய கயிறு இத்தனை ஓட்டங்களின் மேலும் குறுக்கே கிடக்கிறது. வேகமான ஓட்டம் கயிற்றை இழுக்க, பூச்சி நீரைக் கிழித்துக்கொண்டு நகரும். மீன் திரும்பிக்கூடப் பார்க்காது. வழிகாட்டி இதைக் கையசைவால் விளக்க முயன்றுகொண்டிருந்தார். எங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஆறு நீளவாக்கில் ஓடும் பாவு. சில இழை இறுக்கம், சில இழை தொய்வு. குறுக்கே விழும் கயிறு ஊடை. இழுவை சமமில்லாத பாவில் ஊடை நேராக நிற்குமா? கயிறு நீரில் விழுந்ததும் அதன் நடுப்பகுதியை மட்டும் மேலோட்டப் பக்கம் தூக்கிப்போட்டுத் தளர்வு கொடுக்க வேண்டும் என்று அவர் சொன்னபோது கை ஏற்கெனவே அதைச் செய்திருந்தது. அவர் எங்களை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "இதற்கு முன் செய்ததில்லை என்றார்களே?" என்றார். அப்போதுதான் எங்கள் தொழிலைச் சொன்னோம்.

அதன்பின் அவர் பேச ஆரம்பித்தார். அவ்வளவு பேச்சு அந்த மனிதருக்குள் இருந்ததா என்று வியப்பாக இருந்தது. ஐசக் வால்டன் 1653இல் எழுதிய மீன்பிடி நூலை நாங்கள் பெயரளவில் அறிவோம். உலகில் மிக அதிகப் பதிப்புகள் கண்ட புத்தகங்களுள் ஒன்று. அந்த வால்டன் லண்டனில் துணி வணிகம் செய்தவர் என்பது எங்களுக்குப் புதிது. ஜவுளிக்காரர்! நூலின் 1676ஆம் ஆண்டுப் பதிப்பில், தெளிந்த நீரில் பொய்ப்பூச்சியால் மீன் பிடிப்பதைப் பற்றி இரண்டாம் பாகம் எழுதிச் சேர்த்தவர் அவருடைய இளைய நண்பர் சார்லஸ் காட்டன். கவிஞர், நிலக்கிழார், வாழ்நாள் முழுவதும் கடனாளி. இந்த டவ் ஆற்றங்கரையில்தான் 1674இல் காட்டன் ஒரு சிறு மீன்பிடி மண்டபம் கட்டினார். வாசலுக்கு மேல் இரு நண்பர்களின் பெயரெழுத்துகளையும் பின்னிச் செதுக்கச் செய்தார். மண்டபம் இன்றும் நிற்கிறது. தனியார் நிலத்துக்குள் இருப்பதால் நாங்கள் போகவில்லை. வழிகாட்டி தன் கைப்பேசியில் படம் காட்டினார். இரண்டு பேருடைய எழுத்தைப் பின்னி ஒன்றாக்குவது நமக்குப் புதிதல்ல. திருமணச் சேலையின் முந்தானையில் பெயர் நெய்து தரச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டு, நெய்தும் கொடுத்திருக்கிறோம்.

பொய்ப்பூச்சி வித்தை இங்கிலாந்தில் பிறந்ததும் அல்ல. கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த ஈலியன் என்பவர், மாசிடோனிய மக்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றிச் சேவல் இறகைக் கட்டி ஆற்று மீனை ஏமாற்றுவதைப் பதிவு செய்திருக்கிறார். நம் சங்கப் பாடல்களில் தூண்டிலும் உண்டு, மீன் பிடிக்கும் பாணரும் உண்டு. ஆனால் இரை எப்போதும் நிஜ இரைதான். நம் முன்னோர் மீனிடம் பொய் சொல்லவில்லை என்று பெருமைப்படலாம். பசியோடு இருந்தவனுக்கு நூல் சுற்றிக்கொண்டிருக்கப் பொழுதில்லை என்றும் சொல்லலாம்.

மதியம் கரையில் உட்கார்ந்து ரொட்டி தின்றோம். மகள் கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சோற்றை வழிகாட்டியும் வாங்கிச் சாப்பிட்டார். பிறகு வண்டியின் பின்கதவைத் திறந்து ஒரு சிறு பிடிப்புக் கருவியைப் பொருத்தி, அதில் ஒரு முள்ளை இறுக்கினார். "உங்களுக்காகவே இதைக் காட்டுகிறேன்" என்று ஒரு மர உருளையை எடுத்தார். ஆரஞ்சு நிறப் பட்டு நூல். 1795இல் தொடங்கிய பியர்சால் நிறுவனத்தின் நூலாம். இப்போது எளிதில் கிடைப்பதில்லை, கையில் இருப்பதைத் தங்கம் போலச் செலவழிக்கிறேன் என்றார். அந்தப் பூச்சிக்கு வேண்டியவை இரண்டே பொருள்: ஆரஞ்சுப் பட்டும் ஒரு கவுதாரி இறகும். முள்ளின் தண்டில் பட்டை ஒன்றையொன்று தொடுமாறு, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் சுற்ற வேண்டும். தலைப்பக்கம் இறகை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சிட வேண்டும். அவ்வளவுதான். உலர்ந்திருக்கும்போது பளீரென்ற ஆரஞ்சு. நனைந்தால் நிறம் அடங்கி, உயிருள்ள பூச்சியின் வயிறு போல ஆகிவிடுகிறது. பட்டைத் தவிர வேறு நூல் இப்படி நனைவதில்லை என்பது அவர் கட்சி.

அவருக்கும் கண் தளர்ந்துவிட்டது. மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நூல் முனையைப் பிடிக்கத் தடுமாறினார். எங்களில் தார் சுற்றியவர் கையை நீட்டினார். அவர் யோசித்துவிட்டு உருளையைக் கொடுத்தார். முதல் சுற்றிலேயே விரல் பழைய வேகத்துக்குப் போய்விட்டது. பத்தாண்டுகளாகப் பட்டைத் தொடாத விரல். சுற்றிய பிறகு அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "என் பாட்டி இதைப் பார்த்திருக்க வேண்டும்" என்றார். சுற்றியவர் ஒன்றும் சொல்லாமல் ஆற்றுப்பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணைத் துடைத்ததை நாங்கள் இருவருமே இதுவரை பேசிக்கொள்ளவில்லை, எழுதும்போதுதான் ஒப்புக்கொள்கிறோம்.

அவருடைய பெட்டியில் பழைய பூச்சிகள் சில இருந்தன. சால்மன் மீனுக்கானவை, அவருடைய தாத்தா காலத்தவை. அதில் ஒரு இறகு எங்களுக்குத் தெரிந்த இறகு. கருப்பில் மெழுகுத்துளி விழுந்தது போல வெண்மஞ்சள் புள்ளி. நம் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகு. போளூருக்கு மேற்கே ஜவ்வாது மலையில் விடியற்காலையில் அது கூவுவதைக் கேட்டிருக்கிறோம். ஆங்கிலேயர் காலத்தில் தென்னிந்தியக் காடுகளிலிருந்து இந்தக் கழுத்துகள் கட்டுக்கட்டாகக் கப்பலேறியிருக்கின்றன. இன்று 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பறவையைக் காக்கிறது. ஸ்காட்லாந்து ஆற்றில் ஒரு கனவானின் சால்மனுக்காக எங்கள் பக்கத்து மலைச் சேவல் கழுத்தைக் கொடுத்திருக்கிறது. உலகமயமாதல் என்ற சொல் நேற்றுத்தான் வந்தது.

அந்தப் பெட்டியின் அடியில், மெழுகுத்தாளில் சுற்றிய ஒரு பழுப்பு நிறச் சுருள் கிடந்தது. நரம்பு போல இருந்தது. நைலான் வருவதற்கு முன், கனமான கயிற்றுக்கும் முள்ளுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத மெல்லிழையாகக் கட்டியது இதைத்தான். "பட்டுதான். ஆனால் நூற்காத பட்டு" என்றார். ஸ்பெயினில் முர்சியா என்னும் பகுதியில் இதை ஒரு தொழிலாகவே செய்தார்களாம். புழு கூடு கட்டத் தயாராகும் நேரத்தில் அதைக் காடியில் ஊறவைத்துக் கொன்று, வயிற்றைப் பிளந்து, பட்டுச் சுரப்பியை வெளியே எடுத்து, இரு முனையையும் பிடித்து ஒரே இழுப்பாக நீட்டினால் அது இறுகிக் கம்பியாகிவிடும். ஒரு புழுவுக்கு ஒரு முழம் சொச்சம்.

நாங்கள் பட்டு நெய்து சோறு உண்டவர்கள். கூட்டைக் கொதிநீரில் போடுவதை அறிவோம். ஒரு சேலைக்கு எத்தனை ஆயிரம் உயிர் என்ற கணக்கு எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் தெரியும். அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். ஆனால் இது வேறுவிதமாக உறுத்தியது. எங்கள் புழுவாவது கூடு கட்டி முடித்துவிட்டுச் சாகிறது. இதற்கு அந்த வேலைகூடக் கொடுக்கப்படவில்லை. வேலையை முடித்துவிட்டுச் சாவது மேல் என்று எப்படி நினைத்தோம் என்று பின்னர் யோசித்துப்பார்த்தோம். நெசவாளன் புத்தி அப்படித்தான் போகும் போலிருக்கிறது.

மூன்று மணி அளவில் ஆற்றின் மேல் பூச்சிகள் எழுந்தன. மேஃப்ளை என்கிறார்கள். மழைக்குப் பின் எங்கள் ஊரில் ஈசல் கிளம்புமே, அந்தத் திரள். ஓராண்டோ இரண்டாண்டோ ஆற்றடிச் சேற்றில் புழுவாகக் கிடந்து, சிறகு முளைத்து வெளியே வந்தபின் ஓரிரு நாள்தான் வாழ்வு. வாய் இருக்கும், உண்ணப் பயன்படாது. இணைவதற்கும் முட்டையிடுவதற்கும் மட்டுமே அந்த நாள். பட்டுப்பூச்சிக்கும் அப்படித்தான், அதற்கும் உண்ண வாயில்லை என்று சொன்னோம். வழிகாட்டிக்கு அது தெரிந்திருக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் மீன் கிடைத்தது. மேலே எழும்பி உண்பதை விடுத்து நீருக்குள்ளேயே வாங்கிக்கொண்டிருந்த ஒன்று. எனவே மேஃப்ளையைக் கட்டாமல், மதியம் எங்கள் கையால் சுற்றிய ஆரஞ்சுப் பூச்சியைக் கட்டினார். நான்காவது வீச்சில் கயிறு ஒரு நொடி தயங்கியது. அந்தத் தயக்கத்தை எப்படிச் சொல்வது? பாவில் ஓர் இழை அறும்போது நெய்பவனின் கைக்கு அது கண்ணுக்கு முன்பே தெரியும். அப்படித் தெரிந்தது. கழி வளைந்தது. இழுத்தும் விட்டும், வழிகாட்டி மெதுவாக, மெதுவாக என்று சொல்லிக்கொண்டே இருக்க, மீன் வலைக்குள் வந்தது. ஒரு சாணுக்கு மேல், ஒன்றரைச் சாணுக்குள். பழுப்புப் பொன் உடம்பு. பக்கவாட்டில் சிவப்புப் பொட்டுகள், ஒவ்வொன்றையும் சுற்றி வெளிறிய ஒரு வளையம். இந்தப் புட்டாவை நெய்ய வேண்டுமானால் எத்தனை அட்டை குத்த வேண்டும் என்று ஒரு கணம் கணக்குப் போட்டோம்.

முள்ளில் எதிர்முனை இல்லை. எளிதில் கழன்றது. அவர் மீனை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு, அது மூச்சுத் தேறும்வரை காத்திருந்து கையைத் திறந்தார். போய்விட்டது.

"விடுவதற்கு எதற்குப் பிடிக்க வேண்டும்?" என்று எங்களில் ஒருவர் கேட்டார். மற்றவர் தடுத்தும் கேட்டார். நாற்பது ஆண்டுகள் குழம்பு வைத்த கைக்கு அது நியாயமான கேள்விதான். வழிகாட்டி கோபப்படவில்லை. எல்லோரும் எடுத்துப்போனால் இந்தச் சிறு ஆறு ஒரு பருவம் தாங்காது என்றார். பிறகு, "நான் அதை வேலையாகச் செய்கிறேன். வருபவர்கள் விளையாட்டாகச் செய்கிறார்கள். மீனுக்கு இரண்டும் ஒன்றுதான்" என்றார். அந்தப் பதில் எங்களுக்கு நிறைவளிக்கவில்லை, ஆனால் ஏமாற்றுப் பதிலும் அல்ல. வாய் கிழிபட்ட மீன் எங்கள் கேள்வியைத்தான் ஆதரித்திருக்கும்.

திரும்பும் வழியில், எங்கள் நாட்டில் டிரவுட் உண்டா என்று கேட்டார். உண்டு. நீலகிரியில் 1863இல் பிரான்சிஸ் டே முயன்று தோற்றார். 1907இல் அவலாஞ்சியில் வில்சன் அமைத்த பொரிப்பகம் வெற்றி கண்டது. காஷ்மீருக்கு 1899இல் அனுப்பிய முட்டைகள் வழியிலேயே அழிந்தன. 1900இல் ஸ்காட்லாந்திலிருந்து மறுபடி வந்தவை பிழைத்தன. அவற்றில் ஒரு பகுதியைத் தன் கம்பளத் தொழிற்சாலை வளாகத்திலேயே பொரிக்கவைத்தவர் மிட்செல் என்ற ஸ்காட்லாந்துக்காரர். அதே ஆண்டுகளில்தான் லீக்கின் வார்டில் உதவியோடு காஷ்மீரில் பட்டுத் தொழிலும் புத்துயிர் பெற்றது. அதற்கான பட்டுப்புழு முட்டைகளும் ஐரோப்பாவிலிருந்தே வந்தன. ஆக, நெசவுக்காரர்கள் கையில்தான் எல்லா முட்டையும் இருந்திருக்கிறது. இதையெல்லாம் அந்த மாலையில் சொல்லும் அளவுக்கு எங்களுக்குத் தெரியாது. ஊர் திரும்பிய பின் தேடிப் படித்தோம். அன்று சொன்னது, "ஊட்டிப் பக்கம் இருக்கிறது என்று கேள்வி" என்பது மட்டும்.

லீக்கைக் கடக்கும்போது அவர் வண்டியை மெதுவாக ஓட்டினார். "உங்கள் தறி என்னவாயிற்று?" என்று கேட்டார். குழியைப் பற்றிச் சொன்னோம். அதை மூடுவதா வேண்டாமா என்ற வழக்கையும் சொன்னோம். அவர் தீர்ப்புச் சொல்வார் என்று இருவரும் எதிர்பார்த்தோம் போலும். "பாட்டி நூல் சுற்றிய கட்டையில் ஒன்று என் சன்னலில் இருக்கிறது. என் மகளுக்கு அது என்ன என்று தெரியும். பேரனுக்குத் தெரியாது" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. இது யார் கட்சிக்குச் சாதகம் என்று அன்றிரவு எங்களுக்குள் தனி வழக்கு நடந்தது.

ஊர் திரும்பியதும் பரணில் கிடந்த பெட்டியைத் திறந்தோம். தறி நின்றபோது மிஞ்சிய பட்டு நூல். அரக்கு, கிளிப்பச்சை, மயில்கழுத்து, கொஞ்சம் மஞ்சள். பூச்சி அரிக்கவில்லை. சிறு சிறு சிட்டமாகச் சுற்றி மகள் வழியாக அவருக்கு அனுப்பினோம். புரட்டாசியில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. உள்ளே பன்னிரண்டு பூச்சிகள். எங்கள் அரக்கில் உடம்பு, கவுதாரி இறகில் கழுத்து. அரக்குப் பூச்சியை டவ் ஆற்று மீன்கள் விரும்பவில்லை என்றும், மயில்கழுத்துக்கு இரண்டு மீன் வந்தன என்றும் ஒரு சீட்டில் எழுதியிருந்தார்.

கார்த்திகையில் ஏரிக்குத் தண்ணீர் வந்தது. மூங்கில் கழியில் அரக்குப் பூச்சியைக் கட்டிக்கொண்டு கரைக்குப் போனோம். குத்தகைதாரர் பார்க்காத இடமாகப் பார்த்து உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு பையன் எங்கள் முள்ளை எடுத்துப் பார்த்தான். "தாத்தா, இது நூலு. மீனு திங்காது" என்றான். தன் டப்பாவிலிருந்து ஒரு மண்புழுவைக் கொடுத்தான். பட்டின் மேலேயே புழுவைக் கோத்துப் போட்டோம். கெளுத்தி ஒன்று வந்தது.

குழியை இன்னும் மூடவில்லை. தடுக்கி விழாமல் இருக்க அதன்மேல் ஒரு கடப்பைக் கல்லைப் போட்டிருக்கிறோம். இரண்டு பேர் சேர்ந்து பிடித்தால் தூக்கிவிடலாம்.